கடைசியாக அடித்த தேதி

கண்ணாடிக்காரர் குடியிருந்த வீட்டை இடிக்க ஆரம்பித்தபோது அவர் உள்ளே நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். குளியலறைச் சுவரில் ஒரு செங்கல் அசைந்து கீழே விழுந்தது. அந்த ஓட்டையில் முதலில் ஒரு சம்மட்டியும் அதன் பின்னால் மேஸ்திரியின் முகமும் தெரிந்தன.

"குளிக்கணுமா சார்? குளிங்க, குளிங்க. நாங்க இந்த ஓரமா இடிச்சுக்கறோம்" என்றார் மேஸ்திரி.

மேஸ்திரியைக் குற்றம் சொல்ல முடியாது. கட்டடத்தை விற்றுவிட்ட சொந்தக்காரர், குடியிருப்பவர்கள் பத்து நாளில் காலி செய்ய வேண்டும் என்று ஒரு தாள் அனுப்பியிருந்தார். இடிப்பவர்கள் இன்றே தொடங்கலாம் என்று இன்னொரு தாள் அனுப்பியிருந்தார். இரண்டிலும் ஒரே கையெழுத்து. மற்ற குடித்தனக்காரர்கள் உறவு, நட்பு என்று ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிவிட்டார்கள். கண்ணாடிக்காரருக்கு ஒதுங்க இடம் கிடையாது. சொந்தம் என்று இருந்த ஒரே மச்சானும் லாரிப் பட்டறையில் டயர்களுக்கு நடுவே படுத்துக்கொள்பவர். ஆகவே அவரும், பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவர் மனைவியும், கண்ணாடி போட்ட ஏழு வயது மகளும் சம்மட்டிச் சத்தத்துக்கு நடுவே தட்டு வைத்துச் சாப்பிட்டார்கள். தட்டில் காரை விழாமல் இருக்க மனைவி குடை பிடித்தாள்.

கண்ணாடிக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருட வேலை. பிரேம் பொருத்துவார், வளைந்ததை நிமிர்த்துவார். எத்தனையோ ஆயிரம் முகங்களை இரண்டு கையாலும் தொட்டிருக்கிறார், ஒரு முகமும் சுளித்ததில்லை. வளைந்து வரும் பிரேமைப் பார்த்தே அறைந்தது வலது கையா, இடது கையா என்று சொல்லிவிடுவார். ஆனால் சொல்லமாட்டார். "தூங்கும்போது கழட்டி வெச்சுடுங்க, வளைஞ்சிடுது பாருங்க" என்று மட்டும் சொல்லி நிமிர்த்திக் கொடுப்பார். அப்படிப்பட்ட ஆள்.

வீடு ஒன்று கிடைத்தும்விட்டது. மூன்றாவது மாடி, இரண்டு அறை, கடைக்கு நடந்தே போகலாம். வீட்டுக்காரம்மா மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "உங்களைப் பார்த்தாலே எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா எனக்குப் பிடிச்சு என்ன ஆகப்போகுது? முன்சரிபார்ப்பு ஆபீஸ்ல ஒரு சான்று வாங்கிட்டு வந்துடுங்க. சாவி இங்கேயே தொங்கும்."

குடியிருப்போர் முன்சரிபார்ப்பு அலுவலகத்தின் வாசலில், 'அறியாதவரே ஆபத்தானவர்' என்று பெரிய எழுத்தில் பலகை வைத்திருந்தார்கள். உள்ளே நீள வரிசை நின்றது. படிவத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள். பதினாறு வரை கண்ணாடிக்காரர் தடையில்லாமல் எழுதிக்கொண்டு போனார். பதினேழாவது கேள்வி, 'கடைசியாகப் பிறரை அடித்த தேதி'. அவர் கொஞ்சம் பெருமையோடுகூட 'இல்லை' என்று எழுதினார்.

சரிபார்ப்பு அதிகாரி தடித்த கறுப்பு பிரேம் போட்டவர். படிவத்தை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தவர் பதினேழில் நின்றார்.

"இல்லைங்கறது தேதி இல்லையே சார்."

"நான் யாரையும் அடிச்சதில்ல சார்."

"எப்ப வரைக்கும்?"

"இது வரைக்கும்."

"இனிமே?"

அதிகாரி பெருமூச்சு விட்டுவிட்டு, பின்னால் நின்றவரை முன்னே கூப்பிட்டார். வந்தவர் கழுத்திலிருந்து காது வரை தையல் போட்ட தழும்புடன் இருந்தார். வரிசையில் எல்லாரும் அவரை 'உளி' என்று மரியாதையாக அழைத்தார்கள். அவருடைய பதினேழாவது கேள்விக்கு இடம் போதாமல் தனித்தாள் ஒட்டியிருந்தது.

"பார்த்தீங்களா? பதினோரு தேதி. எங்க, எதால, எத்தனை தையல், எல்லாம் இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு பேர், பெரும்பாலும் வெயில் காலத்துல. இவரைப் பத்தி நமக்கு என்ன கவலை? கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் கூடப் போட்டுக்கிட்டா முடிஞ்சுது" என்ற அதிகாரி, உளியின் சான்றில் முத்திரை குத்தி இரண்டு கையாலும் கொடுத்தார். உளி கும்பிட்டுவிட்டுப் போனார்.

"உங்களை எந்தக் கதவுக்குப் பின்னாடி வைக்கறது? நாற்பது வருஷமா ஒருத்தரையும் அடிக்கல. அப்படின்னா அத்தனையும் உள்ளேயே இருக்கு. எந்த நேரத்துல யார் தலையில விழும்னு யாருக்குத் தெரியும்? நாங்க யாரையும் சந்தேகப்படறதில்ல சார். அதுக்கெல்லாம் நேரமில்ல. நேரா முடிவுக்கு வந்துடுவோம்."

"அப்ப எனக்கு வீடு கிடைக்காதா?"

"யார் சொன்னது? நேரடி அளவுன்னு ஒண்ணு இருக்கு. நாங்க அடிப்போம். நீங்க திருப்பி எவ்வளவு அடிக்கறீங்களோ அதைப் பதிவு பண்ணிக்குவோம். பயப்படாதீங்க, விஞ்ஞானம்."

சோதனையாளர் மூலையில் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். சாதுவான முகம், உள்ளங்கை மட்டும் முறம். துவாலையில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு வந்தவர், "கண்ணாடியைக் கழட்டி வெச்சுடுங்க சார். பொருள் சேதத்துக்கு ஆபீஸ் பொறுப்பில்ல" என்றார்.

கன்னத்தில் விழுந்த முதல் அறையில் காதுக்குள் மணி அடித்தது. 'வலது கைக்காரர், தோளிலிருந்து வீசுகிறார், இடது கம்பி போயிருக்கும்' என்று கண்ணாடிக்காரரின் மனசு தன்னையறியாமல் கணக்குப் போட்டது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. மூன்றாவதாக வந்தது அறை இல்லை, முஷ்டி. அவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, கோப்பு அலமாரியில் தலை மோதி, கடைவாய்ப் பல் ஒன்று ஆடத் தொடங்கிய நிலையில் எழுந்து நின்றார்.

"மன்னிச்சுக்கோங்க. நான்தான் சரியா உட்காரல" என்றார்.

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

"கோபம் வரலையா?" என்று அதிகாரி மெல்லக் கேட்டார்.

"அவர் வேலையை அவர் செய்யறார். இதுல கோபப்பட என்ன சார் இருக்கு?"

அதிகாரி பேனாவைத் திறந்தார். படிவத்தில் 'ஆழம் தெரியவில்லை' என்று எழுதி, அதன் கீழே சிவப்பில் இரண்டு கோடு போட்டார். "இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஆபத்தான ஆளை நான் பார்த்ததில்ல. போங்க. ஒரே ஒரு தேதி கொண்டு வாங்க. சின்னதா இருந்தாலும் போதும்."

வீட்டுக்கு வந்தபோது சமையலறை போயிருந்தது. மனைவி அடுப்பைப் படுக்கையறைக்கு நகர்த்தியிருந்தாள். புருஷனின் வீங்கிய முகத்தைப் பார்த்து அவளுக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே இரண்டு அலுவலகத்தை இடித்திருக்கலாம்.

"தேதிதானே? என் பேர்ல எழுதச் சொல்லுங்க. போன வாரம்கூட வேன் முன்னாடி குறுக்க வந்தவனை இறங்கிப் போய் ரெண்டு போட்டேன்."

"குடும்பத் தலைவர் தேதிதான் செல்லுமாம்."

"அப்ப நான் அடிச்சதெல்லாம் தண்டமா?"

மச்சான் செய்தி கேட்டு பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு வந்தார். தங்கச்சி குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது என்றதும் அவர் கண் கலங்கிவிட்டது. இடிந்த சமையலறையின் நடுவில் போய் நின்று நெஞ்சை நிமிர்த்தினார்.

"வா மாப்ள. என்னை அடி. யாருக்கோ தேதி போறதுக்கு என் பேர்ல போகட்டும்."

கண்ணாடிக்காரர் கையை ஓங்கினார். கை பாதி வழியில் வேகம் குறைந்து, மச்சானின் கன்னத்தில் மெல்லப் படிந்து, பழக்க தோஷத்தில் காது மடலை ஒரு தடவு தடவிவிட்டுத் திரும்பியது.

"என்ன மாப்ள, கொசு ஓட்டறியா? கோபம் வரணும், கோபம்!" என்ற மச்சான், கோபம் வரட்டும் என்று தன் கையிலிருந்த ஸ்பானரால் அவர் முழங்காலுக்குக் கீழே ஒன்று வைத்தார். எலும்பில் பட்ட சத்தம் வெளியே மேஸ்திரிக்கே கேட்டு, அவர் சம்மட்டியை நிறுத்தினார். கண்ணாடிக்காரர் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு, ரத்தம் செருப்பில் சொட்ட, "உங்களுக்குக் கை சுளுக்கிக்கலையே மச்சான்?" என்று கேட்டார். மனைவி அண்ணனை வாளியால் அடித்தாள். அதுவும் தண்டமாகிப்போன அடிதான்.

ஆனாலும் மறுநாள் மச்சான் விடவில்லை. தன் கன்னத்தில் தானே நாலு அறை அறைந்து சிவக்கவைத்துக்கொண்டு, மாப்பிள்ளையை அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். அதிகாரி அந்தக் கன்னத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"நீங்க சம்மதிச்சு வாங்கிக்கிட்டீங்களா?"

"ஆமா சார், மனசார."

"சம்மதிச்சு வாங்கினா அது உடற்பயிற்சி. ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம் வேணும், ஐயா. சொல்லி வெச்சுச் செய்யறது, அப்புறம் வருத்தப்படறது, மன்னிப்புக் கேட்டுக்கறது, இதெல்லாம் இருந்தா பதிவு ரத்து. நாங்க எவ்வளவு கஷ்டப்பட்டு வன்முறையை ஒழுங்குக்குக் கொண்டு வந்திருக்கோம், அதை நீங்க கேலிக்கூத்து ஆக்காதீங்க."

ஆறாவது நாள் வீட்டின் கூடம் போயிற்று. ஏழாவது நாள் கண்ணாடிக்காரர், முன்பின் தெரியாத யாரையாவது அடித்துவிடுவது என்ற முடிவோடு பேருந்து நிறுத்தத்துக்குப் போனார். ஒரு மணி நேரம் முகம் முகமாகப் பார்த்தார். ஒவ்வொரு முகத்துக்கும் எந்த பிரேம் பொருந்தும் என்றுதான் தோன்றியதே தவிர, அடிக்கத் தோன்றவில்லை. கடைசியில் குடையோடு நின்ற ஒரு தொப்பைக்காரரைத் தேர்ந்தெடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, "என்ன முறைக்கறே?" என்று கத்தி நெஞ்சில் தள்ளினார்.

தொப்பைக்காரர் கம்பத்தில் மோதிச் சரிந்தார். "என் தப்புதான் சார், வழியை மறிச்சுட்டேன்" என்றார் சரிந்தபடியே. கண்ணாடிக்காரர் ஐயோ என்று குனிந்து அவரைத் தூக்கப் போனார். விழுந்தவரை மேலும் அடிக்கப் போகிறார் என்று கூட்டம் நினைத்தது.

ஆறு பேர் சேர்ந்து அடித்தார்கள். செருப்பு, சாப்பாட்டு டப்பா, குடைக் கம்பி எல்லாம் வந்தன. ஒருவர் தலைமுடியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் விலாவில் மிதித்தார். உள்ளே ஏதோ மளுக்கென்றது. ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல் அங்கேயே நடைபாதையில் விழுந்து கழிவுநீர்ப் பள்ளத்துக்கு உருண்டது. எல்லாம் ஓய்ந்ததும் அவர்களில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"சார், உங்க முழுப் பேரு? எனக்கு அடுத்த வாரம் வீடு மாத்தணும். தேதி இல்லாம ரெண்டு மாசமா அலையறேன்."

இதைக் கேட்டதும் மற்ற ஐந்து பேரும் தங்கள் பைகளைத் திறந்தார்கள். கண்ணாடிக்காரர் நடைபாதையில் உட்கார்ந்து, ரத்தம் துப்பித் துப்பி, ஆறு படிவத்திலும் 'அடி வாங்கியவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். கடைசியாக ஓடி வந்த ஒருவர் ஒரே ஒரு உதைதான் உதைக்க முடிந்திருந்தது. அது போதுமா என்று அவருக்குக் கவலை. போதும் சார், நல்ல உதைதான் என்று கண்ணாடிக்காரர் ஆறுதல் சொல்லி அனுப்பினார். தொப்பைக்காரர் கோபப்படாமல் போய்விட்டதால் இவருடைய தள்ளல் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

பத்தாவது நாள் காலை ஒரே ஓர் அறையும் வாசல் கதவும் மிச்சம் இருந்தன. கதவுக்கு இரண்டு பக்கமும் சுவர் இல்லை. இருந்தாலும் மேஸ்திரி கதவைத் தட்டிவிட்டுத்தான் வந்தார்.

"மதியம் வரைக்கும் ஆளுங்களை டீ குடிக்கச் சொல்லியிருக்கேன் சார். அதுக்கு மேல என்னால முடியாது. எனக்கும் மேல ஆள் இருக்கு" என்றார். சொல்லும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மனைவி சாமான்களைப் பள்ளி வேனில் ஏற்றினாள். அலுவலக வாசலில் வேனை நிறுத்த இடம் கிடைக்காமல் அவள் சுற்றிக்கொண்டிருக்க, கண்ணாடிக்காரர் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். விலா எலும்புக்குக் கட்டுப் போட்டிருந்ததால் குனிந்து கும்பிட முடியவில்லை. நின்றபடியே கெஞ்சினார். தான் சாதாரண ஆள் என்றும், உள்ளே ஒன்றும் இல்லை என்றும், சாயங்காலம் குழந்தையை எங்கே படுக்கவைப்பது என்று தெரியவில்லை என்றும் சொன்னார்.

அதிகாரி உண்மையாகவே இரக்கப்பட்டார். எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"எனக்கும் பிள்ளைங்க இருக்கு சார். உங்களுக்காகவே நேத்து உட்கார்ந்து விதிகளைப் புரட்டினேன். தலைவரை அளக்க முடியலைன்னா வீட்டுல உள்ள சின்னவங்களை அளந்து, அதை வெச்சுத் தலைவரை மதிப்பிடலாம்னு ஒரு பிரிவு இருக்கு. குழந்தைங்க மறைக்காது பாருங்க. வீட்டுல என்ன பார்க்குதோ அதைத்தான் திருப்பிச் செய்யும். மூணு நிமிஷ வேலை. பாப்பா, இப்படி வா."

குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சோதனையாளர் துவாலையில் கை துடைத்துக்கொண்டு வந்து குழந்தையின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். உயரம் சரியாக வேண்டுமே.

"கண்ணாடியைக் கழட்டி வெச்சுடு செல்லம்" என்றார்.

அவள் சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். கழற்றினாள். கம்பிகளை மடித்து, லென்ஸ் மேலே பார்க்கும்படி மேசையில் வைத்தாள். முகத்தை நிமிர்த்தினாள். சோதனையாளரின் கை மேலே போயிற்று.

அதற்குப் பிறகு நடந்தது கண்ணாடிக்காரருக்கு எப்போது நினைத்துப் பார்த்தாலும் வரிசையாக வரவில்லை. பதிவேட்டில் வரிசையாக இருக்கிறது. தட்டச்சுப் பெண் மேசைக்கடியில் உட்கார்ந்தபடியே அத்தனையும் குறித்திருக்கிறாள். முதலில் மேசையில் தாள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டு சோதனையாளரின் வாயில் இறங்கியது, நான்கு பற்கள். ஓங்கிய அந்தக் கை அலமாரிக் கதவுக்கு இடையில் வைக்கப்பட்டுக் கதவு மூன்று தடவை சாத்தப்பட்டது, இரண்டு விரல்கள். அதிகாரி, 'சார், சார்' என்று நெருங்கியபோது முத்திரைக் கட்டை அவர் மூக்கின் மேல் நேராகக் குத்தப்பட்டது. முகங்களை இருபது வருடம் தொட்டவருக்கு எந்த எலும்பு எங்கே மெலிசு என்று தெரியும். விழுந்த அதிகாரியின் நெஞ்சில் உட்கார்ந்து, விலாக் கட்டு அவிழ்ந்து தொங்க, அவர் அடித்துக்கொண்டே இருந்தார். பதினேழு அடி வரை எண்ணியதாகவும் அதன் பிறகு பேனாவில் மை தீர்ந்ததாகவும் குறிப்பு இருக்கிறது.

அடியில் கிடந்த அதிகாரி ரத்தக் குமிழியோடு ஏதோ கத்தினார். காப்பாற்றுங்கள் என்று கத்தினார் என்று நினைத்துவிடாதீர்கள்.

"தேதி! தேதி போடு! நேரத்தையும் எழுது!"

கண்ணாடிக்காரர் அடிப்பதை நிறுத்தினார். அறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். வரிசையில் நின்றவர்களும் தட்டினார்கள். அதிகாரியைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் மூக்கு இருந்த இடம் ஊதா நிறத்தில் இருந்தது. வாய் கொள்ளாத சிரிப்பு.

"நான் சொன்னேன் இல்ல? உள்ளே இவ்வளவு இருக்குன்னு சொன்னேன் இல்ல? இருபத்தஞ்சு வருஷ அனுபவம், தப்பாது. சார், நீங்க இப்ப நல்ல மனுஷன். நல்லா தெரிஞ்ச மனுஷன்."

கண்ணாடிக்காரரின் கை தானாகக் கீழே போய், அதிகாரியின் கறுப்பு பிரேமை எடுத்தது. கம்பியை நிமிர்த்தி, லென்ஸைச் சட்டை நுனியில் துடைத்து, அவர் காதுகளில் மாட்டி, மூக்கில் படாமல் சற்றுத் தூக்கி வைத்தது. அதே கைதான். அதைப் பார்க்க அவருக்கே பிடிக்கவில்லை.

"அப்பா, நான் கண்ணாடி போட்டுக்கலாமா?" என்று மகள் கேட்டாள்.

கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு மூன்றடிக்கு மேல் எதுவும் தெரியாது. அதை நினைத்து அவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆனால் காது நன்றாகக் கேட்கும் பெண் அவள்.

சான்று கிடைத்தது. பதினொரு மாதம் செல்லும். புதுப்பிக்க வேண்டுமானால் அதற்குள் இன்னொரு புதிய தேதி காட்ட வேண்டும் என்று கீழே சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தது. வீட்டுக்காரம்மா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார்.

"அதிகாரியோட மூக்கையேவா? அடேயப்பா! இப்பத்தான் எனக்கு நிம்மதியா இருக்கு. இந்தக் கட்டடத்துல எல்லாருமே தெரிஞ்சவங்கதான் சார்" என்று சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

புது வீட்டில் சுவர் நான்கும் இருந்தன. மகள் ஒவ்வொன்றையும் கையால் தட்டிப் பார்த்தாள். மனைவி அடுப்பைச் சமையலறையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள். அக்கம்பக்கத்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. படியில் எதிர்ப்பட்டவர்களைப் பார்த்துச் சிரித்தால் அவர்கள் பயந்து தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் கன்னத்தில் பிளாஸ்திரி, இன்னொருவர் கையில் கட்டு. மேலே யாரோ யாரையோ அடிக்கும் சத்தமும், கொஞ்ச நேரம் கழித்து அடித்தவரே அழும் சத்தமும் கேட்டன.

மூன்றாவது வாரம், ஒரு விடுமுறை நாள் மதியம், எதிர்வீட்டு நூலகர் கதவைத் தட்டினார். ஒல்லியான, மெலிந்த குரல்காரர், தனியாக இருப்பவர். இடது கண்ணைச் சுற்றிப் பழைய காயம் மஞ்சளாக ஆறிக்கொண்டிருந்தது. வாசலுக்கு உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார்.

"இருபதாம் தேதி எனக்குப் புதுப்பிக்கணும்" என்றார். "போன தடவை மேல்வீட்டுக்காரர்கூட முடிச்சேன். அவருக்கும் எனக்கும் இப்ப மனஸ்தாபம் எல்லாம் தீர்ந்து போச்சு. இனிமே அவர்கூட சண்டை போட்டா செல்லாது. எனக்குக் கோபம் அவ்வளவு சுலபமா வராது சார். அதான் பிரச்சினை."

"எனக்குப் புரியுது" என்றார் கண்ணாடிக்காரர்.

"சொல்லி வெச்சுச் செஞ்சா ரத்துன்னு உங்களுக்குத் தெரியும். அதனால நான் உங்ககிட்ட எதுவும் கேட்கல. சும்மா பேசிட்டுப் போகலாம்னு வந்தேன்." நூலகர் தரையைப் பார்த்தார். "என் வீட்டுக்காரி போய் ரெண்டு வருஷம் ஆச்சு. ஆஸ்பத்திரியில கடைசி நேரத்துல நான் பக்கத்துல இல்ல. டீ குடிக்கப் போயிருந்தேன். அதைப் பத்தி யாராவது ஏதாவது சொல்லிட்டா மட்டும் எனக்குத் தாங்காது."

சொல்லிவிட்டு அவர் எதிர்க் கதவைத் திறந்து உள்ளே போய் மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் பத்தொன்பதாம் தேதி வரை இழுத்தார். அதற்குள் அந்த மனிதர் தேதி இல்லாமல் தெருவில் மெத்தையோடு நிற்பதை மனசுக்குள் பல தடவை பார்த்துவிட்டார். பத்தொன்பதாம் தேதி காலை, படியில், நாலு பேர் கேட்க, அவர் அதைச் சொன்னார். பெண்டாட்டி செத்துக்கிட்டிருக்கும்போது நிம்மதியா டீ குடிச்ச ஆள்தானே நீ என்று சொன்னார். குரல் நடுங்காமல் வந்தது.

நூலகருக்கு இது எதற்கு என்று தெரியும். ஒரு கணம் புரிந்துகொண்ட முகத்தோடுதான் நின்றார். அந்த முகம் அடுத்த கணம் மாறியது. கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றவில்லை. முதல் குத்தில் லென்ஸ் உடைந்து புருவத்துக்குள் இறங்கியது. நூலகர் அவரை நான்கு படி உருட்டிவிட்டார். ஆறிய விலாவிலேயே மிதித்தார். கழுத்தைப் பிடித்துக் கைப்பிடிச் சுவரில் மோதினார். நூலகரின் வாயிலிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாகவே இல்லை. மேல்வீட்டுக்காரரும் வேறு இருவரும் சேர்ந்து இழுத்தும் அவரைப் பிரிக்க வெகு நேரம் ஆயிற்று.

பதிவு செய்ய அலுவலகத்திலிருந்து சோதனையாளரே வந்தார். முன்பற்கள் நான்கும் புதிது. நூலகரின் கையைப் பிடித்து நாடி பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார். "அசல்" என்று எழுதிக்கொண்டு போனார். இருபதாம் தேதி நூலகருக்குச் சான்று வந்துவிட்டது.

புருவத்தில் ஆறு தையலோடு வீடு திரும்பிய கண்ணாடிக்காரருக்குப் படுக்க முடியவில்லை. எதிர்வீட்டில் நூலகர் அழுதுகொண்டிருந்தார். ஒரு நாள், இரண்டு நாள் என்று அது நின்றபாடில்லை. மூன்றாவது நாள் சாயங்காலம் கண்ணாடிக்காரர் எழுந்து போய் அந்தக் கதவின் முன்னால் நின்றார். தான் சொன்னதில் ஒரு எழுத்துகூட மனசிலிருந்து வரவில்லை என்று சொல்லிவிட வேண்டும். யார் டீ குடிக்கப் போகாமல் இருக்க முடியும் என்று சொல்ல வேண்டும். கையைக் கதவுக்குக் கொண்டுபோனார்.

"தட்டாதீங்க" என்றாள் பின்னால் வந்து நின்ற மனைவி. "மன்னிப்புக் கேட்டீங்கன்னா அவருக்குப் பதிவு ரத்து. வீடு போயிடும்."

கதவுக்கு அந்தப் பக்கம் அழுகை நின்றது. நூலகர் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. இந்தப் பக்கம் கண்ணாடிக்காரரும் மூச்சுக் காட்டாமல் நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவு மட்டும்தான் இருந்தது.

பிறகு கண்ணாடிக்காரர் காலால் அந்தக் கதவை ஓங்கி ஓர் உதை உதைத்தார். "செத்தவளுக்கு இப்ப என்னய்யா ஒப்பாரி?" என்று கட்டடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். வீட்டுக்குள் வந்து, மகளைத் தாண்டிப் போய், குளியலறைக் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு வெகு நேரம் கை கழுவிக்கொண்டிருந்தார்.